பாட்டுக்குப் பட்டா யார் பேரில்?

(திருக்கழுக்குன்றத்தில் பறை, கானா, கூத்துக் கலைஞர்களும் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"தனிக் கலைஞர்களும் பெரிய இசை நிறுவனங்களும்" என்று நோட்டீஸில் என் தலைப்பைப் போட்டிருக்கிறார்கள். தலைப்பு ரொம்பப் பெருசா இருக்கு. தம்பிங்க என்னிடம் கேட்பது சின்னக் கேள்விதான்: "அண்ணே, கம்பெனிக்காரன் பாட்டக் கேக்குறான். குடுக்கலாமா வேணாமா?"

முதலாளி கம்பெனி, வேணாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கைதட்டல் விழும். அந்தக் கைதட்டலை வைத்துத் தம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. குடுத்துடு, உலகம் பூரா போகும் என்று சொல்வதும் சுலபம். அப்படிக் குடுத்தவங்க கதை நமக்குத் தெரியும். ரெண்டுக்கும் நடுவில் பேச வேண்டிய விஷயம் நிறைய இருக்கு, அதைத்தான் பேசப் போகிறேன்.

பக்கத்தில் நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஆட்டம் நம்ம மாமல்லபுரம் பூஞ்சேரியில். ஜூலை 28 துவக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்தில். பிரதமர், முதலமைச்சர் கலந்துகொண்ட விழா, 180-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அந்த மேடையில் 'எஞ்சாய் எஞ்சாமி' ஒலித்தது. பாடகி தீ பாடினார், கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அந்த அம்மா நம்ம மண்ணின் குரல், அவர் மேல் ஒரு குறையும் கிடையாது. ஆனால் பாட்டை எழுதின அறிவு மேடையில் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். சில நாள் கழித்து அறிவு எழுதினார்: வரியும் மெட்டும் என்னுடையது, எனக்கு யாரும் ஒரு சொல்லோ மெட்டோ எடுத்துக் கொடுக்கவில்லை, மாசக் கணக்கில் தூக்கமில்லாமல் உழைத்தேன் என்று. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், இது மூன்று பேரின் கூட்டு உழைப்பு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று பதில் சொன்னார்.

அதற்கு முந்தின வருஷமே ஒன்று நடந்திருந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு 'எஞ்சாய் எஞ்சாமி'யையும், 'சார்பட்டா பரம்பரை'க்காக வந்த 'நீயே ஒளி'யையும் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. இரண்டு பாட்டுக்கும் எழுத்து அறிவு. அட்டையில் அவர் முகம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், நாமெல்லாம் கேட்டோம், பிறகு அவரைத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டையில் போட்டார்கள். பிறகு போட்டார்கள் என்பதைத்தான் கவனிக்கணும். மூணு பேர் சேர்ந்து செய்த வேலையில் எந்தப் பேர் முதலில் உதிரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி காசு விஷயம். அந்தப் பாட்டு 2021 மார்ச் 7 அன்று 'மாஜா' என்கிற புது நிறுவனத்தின் பேரில் வந்தது. ஏ.ஆர். ரகுமான் ஆதரவோடு தொடங்கின நிறுவனம். தனிக் கலைஞர்களுக்காகவே, உலகத் தரத்தில் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். மூன்று வருஷம் கழித்து 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் காமிரா முன்னால் உட்கார்ந்து, எங்கள் மூணு பேருக்கும் இதுவரை ஒரு பைசா வருமானம் வரவில்லை, என் சொந்த யூடியூப் சேனல் வருமானம்கூட அந்தக் கம்பெனிக்குத்தான் போகிறது என்று சொன்னார். ரகுமானைக் குறை சொல்லவில்லை, அவரும் ஏமாற்றப்பட்டவர்தான் என்றார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து அறிக்கை விட்டது.

யார் கணக்கு சரி என்று தீர்ப்பு சொல்ல நான் நீதிபதி இல்லை. என் மனசில் நிற்பது வேறே. சந்தோஷ் நாராயணன் சினிமாவில் பெரிய இசையமைப்பாளர். வக்கீல் இருக்கு, ஆடிட்டர் இருக்கு, கூப்பிட்டால் போன் எடுக்க ஆள் இருக்கு. அவருக்கே மூணு வருஷம் கழித்து "என் பாட்டு எவ்வளவு சம்பாதித்தது" என்று ஊரறியக் கேட்க வேண்டிய நிலைமை. அப்படின்னா சங்கு தீர்த்தக் குளக்கரையில் உட்கார்ந்து போனில் பாட்டுப் போடுற நம்ம தம்பிக்கு யார் கணக்கு காட்டுவான்?

இன்னொன்றும் சொல்லணும். அது என்ன பாட்டு? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து, அரக்கோணத்துப் பேரன் எழுதின பாட்டு. காடு திருத்தி, மண் கொத்தி, கடைசியில் கையளவு நிலம் இல்லாமல் போன சனங்களோட பாட்டு. நிலமில்லாதவங்க பாட்டுக்கே பட்டா தகராறு வந்துவிட்டது, தோழர்களே.

சரி, லாபமே இல்லையா? இருக்கு. அதை மறைச்சா நான் பொய்யன். யூடியூபில் மட்டும் 50 கோடித் தடவைக்கு மேல் அந்தப் பாட்டைப் பார்த்திருக்கிறார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறை மேடையேறினபோது நமக்கெல்லாம் புல்லரித்தது. நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் சேர்ந்து கட்டின குழு, 19 கலைஞர்கள், பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. அது நம் ஆட்களை நிமிர வைத்தது. ஆனால் ஊர்த்தெருக் கல்யாணத்தில், நம்மைத் தெருவுக்குள் விடாதவன் வீட்டு வாசலில், ஒலிபெருக்கி வைத்து ஆடினது 'எஞ்சாமி'க்கு. அந்தத் தூரம் போக வண்டி வேணும், வண்டி கம்பெனிக்காரனிடம் இருக்கு. இதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேசணும். வண்டியில் ஏறலாம். ஏறுவதற்கு என்ன எழுதி வாங்குறான் என்பதுதான் கேள்வி.

கம்பெனி என்றால் ரெண்டு வகை. ஒருத்தன் விநியோகம் மட்டும் பண்ணுவான். பாட்டை வாங்கி ஸ்பாட்டிஃபை, ஆப்பிள், யூடியூப் மியூசிக் என்று எல்லா இடத்திலும் ஏற்றிவிட்டு, வருகிற காசில் ஒரு பங்கோ வருஷத்துக்கு ஒரு கட்டணமோ எடுத்துக்கொள்வான். பாட்டு உன் பேரிலேயே இருக்கும். இன்னொருத்தன் அட்வான்ஸ் கொடுத்துப் பாட்டையே எழுதி வாங்குவான். நம்ம ஆளுக்கு ரெண்டும் ஒண்ணுதான், "கம்பெனி". பேப்பர் இங்கிலீஷில் இருக்கும், நாற்பது பக்கம் இருக்கும்.

அட்வான்ஸ் என்றால் நம் பக்கத்து ஆளுக்கு ரெண்டு அர்த்தம் தெரியும். சாவு மேளத்துக்கு அச்சாரம் வாங்குகிறோம். ஒரு நாள் அடித்து முடித்தால் மீதிப் பணம், கணக்கு தீர்ந்தது. அச்சாரம் வாங்கினதால் பறை அவனுடையது ஆகிவிடாது. இன்னொரு முன்பணம் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொடுப்பது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் இருளர் குடும்பங்கள் அதில் மாட்டிக் கிடந்ததும், அதிகாரிகள் வந்து மீட்டதும் நாம் கண்ணால் பார்த்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் எவ்வளவு அறுத்தாலும் கடன் கழியாது, ஏனென்றால் நோட்டு அவனிடம். பாட்டுக் கம்பெனியின் அட்வான்ஸ் இந்த ரெண்டாவது வகை. ஒரு வித்தியாசத்தை நியாயமாகச் சொல்லணும்: அவன் ஆளை அடைத்து வைப்பதில்லை, பாட்டு ஓடாவிட்டால் பெரும்பாலும் பணத்தைத் திருப்பிக் கேட்பதுமில்லை. பாட்டு ஓடினால்தான் சிக்கல்.

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். கையில் ஒரு லட்சம் அட்வான்ஸ். வீடியோ எடுக்க, விளம்பரம் பண்ண நாலு லட்சம் என்று கம்பெனி எழுதுகிறது. ஆக உன் பேரில் பற்று அஞ்சு லட்சம். வருமானத்தில் உன் பங்கு நூற்றுக்கு இருபது. அந்த அஞ்சு லட்சத்தையும் உன் இருபதில்தான் கழிப்பான். அப்போ பாட்டு 25 லட்சம் சம்பாதித்த பிறகுதான் உனக்கு முதல் ரூபாய். அதுக்குள்ளே அவனுக்கு 20 லட்சம் தன் பங்காக வந்திருக்கும், செலவு பண்ணின அஞ்சும் திரும்பியிருக்கும். வீடியோவுக்கு நிசமாகவே நாலு லட்சம் ஆச்சா என்று கேட்க உனக்கு உரிமை இருக்கா? பேப்பரில் எழுதியிருந்தால் இருக்கு.

எங்கள் குழு 1990-களில் ஒரு ஒலிநாடா போட்டது. எட்டுப் பேர். கம்பெனி பேர் வேண்டாம். ஒரே தடவையாக 1,500 ரூபாய், பஸ் சார்ஜ் தனி. எங்க வாத்தியார் கையெழுத்துப் போட்டார். ஒலிநாடா வந்தபோது அட்டையில் 'இசை' என்று நாங்கள் கண்ணால் பார்க்காத ஒருத்தர் பேர். எங்களுக்கு 'குழுவினர்'. அன்றைக்கு அதில் பெரிய வருத்தமில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நம்ம அடி ஒலிபெருக்கியில் கேட்குதே என்று நின்று கேட்டோம். அது சின்ன விஷயமும் இல்லை. 80-களில் ஒலிநாடா வந்த பிறகுதான் எச்.எம்.வி.யின் ஏகபோகம் உடைந்தது. கே.ஏ. குணசேகரன் குரலில் இன்குலாபின் 'மனுசங்கடா' சேரி சேரியாகப் போனதற்கும் ஒலிநாடா ஒரு காரணம். இப்போ நடந்ததைக் கேளுங்க. போன வருஷம் எங்க வாத்தியார் பேரன், ஒரு சாவு ஊர்வலத்தில் நாங்கள் அதே பாட்டைப் பாடினதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டான். ரெண்டே நாளில் அறிவிப்பு: இந்த இசை வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம், இதில் வரும் வருமானம் அவர்களுக்கு. தாத்தா அடிச்ச அடி. பேரனுக்கு உரிமை இல்லை.

முன்னே கூலியில்லாமல் அடித்தோம். ஒரு மரக்கா நெல்லு, ஒரு சொம்பு சாராயம். அதற்குப் பேர் கடமை, வெட்டி. 80-களிலும் 90-களிலும் "இனி அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே போட்ட ஊர்கள் உண்டு. இல்லை, இது நம் ஆயுதம், மேடையில் ஏற்றுவோம் என்று எடுத்தவர்களும் உண்டு. இந்த மாதிரிப் பத்திரிகைகளில் அது பக்கம் பக்கமாக விவாதமானது. ரெண்டு தரப்பும் ஒரே விஷயத்துக்குத்தான் சண்டை போட்டது: அடிக்கிறவன் இஷ்டத்துக்கு அடிக்கணும், அவன் அடிக்கு அவனே சொந்தக்காரன். இன்றைக்குச் சட்டை போட்டு, ஷூ போட்டு, ஸ்டுடியோவில் ஏசி ரூமில் அடிக்கிறோம். சொந்தம் மட்டும் பழையபடி ஆண்டைகிட்ட.

இப்போ பட்டா விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் பட்டா என்ற வார்த்தைக்கு ரத்தம் சிந்தியிருக்கு. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் நம் சனங்கள் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30 அரசாணையில் பஞ்சமி நிலம் வந்தது. அதில் ஒரு நிபந்தனை: பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதுக்கப்புறமும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது. ஏன் அப்படி எழுதினான்? கையில் காசில்லாதவனிடம் ஒரு சொத்தைக் கொடுத்தால் மறுநாளே பக்கத்துத் தெருக்காரன் ஒரு மூட்டை நெல்லுக்கு எழுதி வாங்கிவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் போய்விட்டது. காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினபோது 1994 அக்டோபர் 10 செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். இந்தக் கூட்டத்தில் அன்றைக்கு ஓடினவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பாட்டுக்கும் ஒரு பஞ்சமி நிபந்தனை இருக்கு என்றால் நம்புவீர்களா? 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கவிஞர் ஜாவேத் அக்தர் நாடாளுமன்றத்தில் நின்று பேசி வாதாடின திருத்தம். 18-ஆவது பிரிவில் சேர்த்தது இதுதான்: பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் அந்தப் பாட்டால் வரும் ராயல்டியைச் சரிபாதியாகப் பெறும் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்குக் கொடுக்கலாம், ராயல்டி வசூலிக்கிற பதிப்புரிமைச் சங்கத்துக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. நாற்பது பக்கப் பேப்பரில் "எல்லா உரிமையும், உலகம் முழுக்க, என்றைக்கும்" என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்தப் பாதி உன்னுடையது.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாட்டின் வரி, மெட்டு ஒரு சொத்து. ஒலிப்பதிவு வேறு சொத்து. வரியும் மெட்டும் எழுதினவரின் ஆயுளும் அதற்கப்புறம் 60 வருஷமும் நிற்கும். ஒலிப்பதிவு வெளிவந்ததிலிருந்து 60 வருஷம், அது யார் முன்னின்று பொறுப்பேற்றுப் பதிவு பண்ணினாரோ அவருக்கு. ஸ்டுடியோச் செலவைக் கம்பெனி போட்டால் பதிவு கம்பெனிக்கு. எட்டுப் பேர் சேர்ந்து ஆளுக்கு ஆயிரம் போட்டு நீங்களே பதிவு பண்ணினால் அது உங்களுக்கு. 90-களில் அது நடக்காத காரியம். இன்றைக்கு ஒரு மைக்கும் கம்ப்யூட்டரும் போதும், மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டிலேயே பண்ணுகிறார்கள்.

பரம்பரைப் பாட்டுக்கு, ஒப்பாரிக்கு, யார் கட்டினது என்று தெரியாத மெட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது யாருக்கும் சொந்தமில்லை என்கிறது சட்டம். யாருக்கும் சொந்தமில்லாததை முதலில் பதிவு பண்ணினவன் அந்தப் பதிவுக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுகிறான். புறம்போக்கில் முதலில் வேலி போட்டவன் கதைதான்.

சட்டம் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்று ஒரு சூலு பாடகர். 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் காலோ என்ற ரிக்கார்டு கம்பெனியில் 'ம்புபே' என்று ஒரு பாட்டுப் பாடினார். அந்தக் கம்பெனியிலேயே கூலி வேலை பார்த்தவர். உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு வாங்கிவிட்டார்கள். அந்த மெட்டு அமெரிக்கா போய் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆனது, டிஸ்னி படத்தில் வந்தது, உலகமே பாடியது. லிண்டா 1962-இல் வறுமையில் செத்தார். அவர் மகள்கள் வழக்குப் போட்டு 2006-இல் சமரசமாகி ராயல்டி வந்தது. எதை வைத்து ஜெயித்தார்கள்? எழுதினவர் செத்து 25 வருஷம் ஆனால் உரிமை வாரிசுக்குத் திரும்பும் என்று 1911-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. லிண்டாவின் குடும்பத்துக்கு அது 1987-லேயே வந்திருக்க வேண்டியது. பல வருஷம் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு வக்கீல் திறந்தார்.

நம் ஊரிலேயே, பண்ணைப்புரத்திலிருந்து வந்து ஆயிரம் படத்துக்கு மேல் இசையமைத்த இளையராஜா வருஷக்கணக்கில் கோர்ட்டு ஏறுகிறார். அவரைக் "காசாசை" என்று எழுதின பேனாக்கள், அந்தப் பாட்டை வைத்துச் சம்பாதித்த கம்பெனியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர் அரசியல் நமக்கு உடன்பாடில்லை என்பது வேறு. உழைச்சவன் கணக்குக் கேட்டா ஏன் இவ்வளவு எரிச்சல் வருது?

இன்னொரு விஷயம் தம்பிகள் கவனிக்கணும். "பெரிய கம்பெனி வேணாம்ணே, நம்ம தமிழ்க் கம்பெனிக்குக் குடுக்கிறேன்" என்கிறார்கள். திங்க் மியூசிக் இன்றைக்குப் பிரான்சு நாட்டு பிலீவ் நிறுவனத்தின் கையில். சென்னை திவோவில் 2023-இல் வார்னர் பெரும்பங்கு வாங்கியது. சட்டப்படி நடந்த வியாபாரம், தப்பென்று சொல்லவில்லை. ஆனால் நீ வடபழனியில் டீ குடித்துக்கொண்டு முகம் பார்த்துப் போட்ட கையெழுத்து நாளைக்குப் பாரிசில் இருக்கும். கம்பெனி கைமாறினால் பாட்டும் கூடவே கைமாறுமா, உன்னைக் கேட்கணுமா என்று பேப்பரில் ஒரு வரி வேணும்.

அதனால் நான் சொல்வது இதுதான். குத்தகைக்கு விடு, கிரயம் பண்ணாதே. மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ, இத்தனை வருஷம் என்று எழுது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு. நம்ம ஆடிட்டர் போய் அவன் நோட்டைப் பார்க்கலாம் என்று ஒரு வரி. பாட்டு எங்கே ஓடினாலும், மேடையில் பாடினாலும், எழுதினவர் பேர், மெட்டுப் போட்டவர் பேர், அடிச்சவர் பேர். 'குழுவினர்' என்பது பேர் கிடையாது. ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்தில் எழுதுகிறவர்களும் மெட்டுப் போடுகிறவர்களும் உறுப்பினர் ஆகுங்கள். சேராதவனுக்கு வரவேண்டிய காசு அவனைத் தேடி வராது. இதையெல்லாம் ஒத்துக்கொள்ளாத கம்பெனி என்றால் விநியோகம் மட்டும் பண்ணுகிறவனிடம் போ. கூட்டம் குறைவா வரும். பாட்டு உன்னுடையதா இருக்கும்.

தனித்தனியாகப் போனால் இது எதுவும் நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். "உனக்கு இஷ்டமில்லையா, வெளியே பத்து பேர் நிக்கிறான்" என்பான். நிற்கிற பத்துப் பேரும் நம்ம ஆளுங்கதான். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்று பேர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். நாலே பக்கம். அந்தப் பேரையே அட்டையில் போட்டார். கொஞ்ச காலத்தில் சொந்தமாக அச்சுக்கூடமும் வைத்தார். பாட்டு கட்டுவதற்கு நம்மிடம் ஆள் இருக்கு. அச்சுக்கூடம் நாம் இன்னும் வைக்கவில்லை. திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், மதுராந்தகம் மூணு இடத்துக் குழுக்கள் சேர்ந்தால் ஒரு பதிவு அறை, ஒரு பொதுப் பெயரில் விநியோகக் கணக்கு, ஒரு வக்கீல், இவ்வளவும் முடியும். செலவுக் கணக்கு போட்டு எடுத்து வந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் பாருங்கள்.

கடைசியாக வேலை ஒன்று. 19-ஆவது பிரிவில், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் அஞ்சு வருஷம் என்றே எடுத்துக்கொள்ளணும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று இருக்கு. 1994 திருத்தத்தில் வந்து 1995 மே 10-லிருந்து அமலில் உள்ளது. அதுக்கப்புறம் ஒலிநாடாவுக்கு, சி.டி.க்குக் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய பேர் இருக்கிறீர்கள். பல பேப்பர் ஒரே பக்கம்தான், வருஷமே எழுதியிருக்காது. டிரங்குப் பெட்டியில், பரண் மேலே, சாமி படத்துக்குப் பின்னாலே தேடுங்க. செத்துப்போன வாத்தியார்கள் வீட்டிலும் கேளுங்க. அசலைக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணிக்கு வக்கீல் தோழர் இதே இடத்துக்கு வருகிறார்.